உள்ளே யார் என்று கேட்பவர்

வடித்த கஞ்சியைக் குசினித் தொட்டியில் ஊற்றுவதற்கு முன்னால் அவர் குனிந்து, தண்ணீர் இறங்கும் ஓட்டையைப் பார்த்து, "அங்க ஆரும் இருக்கிறியளா?" என்று கேட்பார். ஒரு கணம் பொறுப்பார். பிறகுதான் ஊற்றுவார். அந்த வீட்டுக்கு நான் முதன்முதல் போன நாளில் கண்ட காட்சி அது. இவரிடம் வேலைக்கு வரத்தான் வேண்டுமா என்று வாசலில் நின்றே யோசித்தேன்.

"கரப்பான் இருக்கும், பல்லிக்குஞ்சு இருக்கும். கொதிதண்ணி எல்லே அக்கா," என்றார், எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம் மாதிரி.

தனியாகத்தான் இருந்தார். ஆனாலும் குளியலறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார். பல்கனியிலிருந்து துணியை உதற முன் கீழே எட்டிப் பார்ப்பார். கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்ற முன் அதை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்போது பதினைந்து வயதாயிருந்த என் மகள் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"தனியா இருக்கிற வீட்டில பாத்ரூம் கதவைத் தட்டுறீங்களே மிஸ், உள்ள யாரு?"

"தனியா இருக்கிறன் எண்டு நான் நினைக்கிறன். அது பார்த்தால்தானே தெரியும், பிள்ளை."

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுப்பவர் என்பதால் ஒழுங்கை முழுவதும் அவரை 'கொம்பியூட்டர் மிஸ்' என்றது. என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருப்பார். யுத்தம் வடக்கில் முற்றிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தமிழும் சிங்களமும் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். மகளுக்கு அதே ஒழுங்கையில் கணித வகுப்பு. வகுப்பு முடியும்வரை வீதியில் நிற்கப் பயந்துகொண்டு நிற்கிற தாய்மாரில் நானும் ஒருத்தி. சிங்களம் தெரிந்த தட்டச்சுக்காரி தேவை என்று யாரோ சொல்ல, நிற்கிற நேரத்துக்கு உள்ளே இருந்து வேலை செய்யலாமே என்று ஏறிப் போனேன்.

பயந்தவள் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பின்னால் ஒரு வெள்ளை வான் வேகம் குறைத்தால், ஆளைக் கடத்தப்போகிறார்களோ என்று பதினைந்து வயதுப் பெண்ணின் கையை மூன்று வயதுக் குழந்தையின் கையைப்போலப் பிடிப்பேன். வீட்டுக்குள் இருந்து வேலை செய்யும்போதும் தோள்பையைக் கழற்றமாட்டேன். அடையாள அட்டை, கொழும்பில் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு, எல்லாம் அதற்குள்ளேதான். எழும்பி ஓட வேண்டி வந்தால் பை தேடக் கூடாது.

மிஸ் செய்துகொண்டிருந்தது ஒரு கணினி விளையாட்டு. யுத்தத்தின் சட்டங்களைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் விளையாட்டு. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சீடி கேட்டிருந்தது. என் கணவரிடம் சொன்னேன். துறைமுகத்தில் வேலை செய்யும் மனிதர். வெடிச் சிரிப்புச் சிரித்தார்.

"சண்டைக்குச் சட்டமா? ரோட்டைக் கடக்கிறதுக்கே இங்க சட்டம் இல்ல."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காணி உறுதிகளை அடித்து அடித்துத் தேய்ந்த விரல்கள் என்னுடையவை. வடக்கே இன்னார் வளவு, கிழக்கே ஒழுங்கை என்று எல்லை எழுதுவதுதான் சட்டம் என்று இருந்தவள். மிஸ் தந்த முதல் தாளில் இப்படி இருந்தது: 'காயப்பட்டவர் எந்தப் பக்கத்தவராயினும் அவருக்கு மருத்துவம் செய்யப்பட வேண்டும்.' என் விரல் நின்றுவிட்டது. எந்தப் பக்கத்தவராயினும். இதை யாரோ உட்கார்ந்து எழுதி, நாடுகளெல்லாம் கையெழுத்து வைத்திருக்கின்றன. கொலைக்கும் ஒரு எல்லை போட்டிருக்கிறார்கள், காணிக்குப் போடுவதுபோல!

அன்று பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஆஸ்பத்திரிக்கு மேல சுடக் கூடாதாம். ஆனா ஆஸ்பத்திரிக்குள்ள துவக்கை ஒளிச்சு வைக்கவும் கூடாதாம். ரெண்டு பக்கத்துக்கும் சேத்து எழுதியிருக்கு!"

மகள் என் முழங்கையில் கிள்ளினாள். "அம்மா, மெதுவா. பஸ்ஸில இருந்துகிட்டுத் தமிழ்ல துவக்கு, துவக்கு எண்டு கத்துறீங்க."

முன் சீற்றில் இரண்டு தலைகள் திரும்பியிருந்தன. மருதானைவரை நான் தோள்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

விளையாட்டு இவ்வளவுதான். மேலிருந்து பார்த்தபடி ஓர் ஒழுங்கை. இருபத்திரண்டு கட்டடங்கள். ஏதோ ஒரு கூரையிலிருந்து உங்கள் ஆட்கள்மேல் வெடி விழுகிறது. உங்களிடம் பெரிய பீரங்கி இருக்கிறது. கீழே மூன்று பட்டன்: சுடு, பார், பொறு. நேரம் இருபது செக்கன். 'பார்' என்பதை அழுத்தினால் அதில் ஐந்து செக்கன் போய்விடும், ஆனால் அந்தக் கட்டடத்தின் கூரை தகர டின் மூடிபோலத் தூக்கி உள்ளே இருப்பவர்களைக் காட்டும். ஒரு வீட்டில் துவக்குக்காரன் மட்டும் இருப்பான். இன்னொன்றில் துவக்குக்காரனோடு ஒரு குடும்பமும் இருக்கும். பார்க்காமல் எது எதுவென்று தெரியாது. யார் எந்த வீட்டில் எந்தப் பட்டனை எத்தனையாவது செக்கனில் அழுத்தினார்கள் என்பதைக் கணினி தன்பாட்டில் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். மிஸ்ஸுக்கு உயிர் அந்தக் கோப்பில்தான்.

நான் விளையாடவில்லை. வெடிச்சத்தம் எனக்கு வேண்டாம், சொற்கள் போதும் என்று சொல்லிவிட்டேன். மகள் விளையாடினாள். மூன்றாவது செக்கனில் 'சுடு'. மறுபடியும் சுடு. மறுபடியும் சுடு.

"முதல்லயே சுட்டுட்டாத்தானே மிஸ் சுகம். மிச்ச நேரம் எதுக்கு?"

மிஸ் ஏசமாட்டார். "அப்பிடியோ? ஏன் சுகம்? சொல்லு, சொல்லு," என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கொப்பியைத் திறப்பார். பிழை விடுகிற ஆளைக் கண்டால் அவருக்கு முகம் அப்படி மலரும்.

இரண்டு படைகளுக்கும் நிறம் தெரிவு செய்ய எங்களுக்கு ஒரு கிழமை பிடித்தது. நீலம் ஒரு கட்சி. பச்சை இன்னொரு கட்சி. சிவப்பைத் தொடவே முடியாது. மஞ்சளில் கறுப்புக்கோடு என்றால் புலி, நினைத்தும் பார்க்க ஏலாது. கடைசியில் சாம்பலும் மண்ணிறமும் என்று முடிவாயிற்று.

"ரெண்டு பேரும் யூனிபோர்ம் தோய்க்காத மாதிரி இருக்கு மிஸ்," என்றாள் மகள்.

"சண்டையில ஆர் தோய்க்கிறது?" என்று மிஸ் அதையே வைத்தார்.

நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். பிள்ளைகளுக்குப் புள்ளி வேண்டும், புள்ளி இல்லாவிட்டால் விளையாட மாட்டார்கள் என்றார்.

"புள்ளி குடுப்பன். பார்த்ததுக்குக் குடுப்பன்."

"சுட்டதுக்கு?"

"அதுக்கு, உள்ள ஆர் இருந்தவை எண்டு காட்டுவன். அது காணும்."

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதுவும் மீன் அடைத்த மாலுபாண் தின்றுகொண்டு, வாய் நிறைய. எழுபத்தேழில் தமிழ் வீடுகளைக் கொளுத்திய கலவரத்தின்போது அவர் சிறுபிள்ளை. பொரளைப் பக்கம் ஒரு வாடகை வீடு. தாயும் அவரும் அறைக்குள் ஒளித்திருந்திருக்கிறார்கள். வெளியே பெற்றோல் போத்தலும் கையுமாக ஆட்கள். கொளுத்த வந்தவர்களில் ஒருவன் சன்னலில் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறான். தாய் கதவைத் திறந்து பிள்ளையோடு வெளியே வந்திருக்கிறார். அவர்கள் படலையைத் தாண்டும்வரை அவன் பொறுத்திருந்தான். பிறகு வீட்டைக் கொளுத்தினான்.

"அவன் நல்லவன் எண்டு சொல்றீங்களா மிஸ்?" என்று கேட்டேன்.

"நல்லவனோ! வீட்டைக் கொளுத்தினவன் அக்கா. என்ர பொம்மை, அம்மான்ர தையல் மிசின், எல்லாம் போச்சு." விரலில் ஒட்டியிருந்த மீனை நக்கினார். "ஆனால் கேட்டவன். அந்த ஒரு கேள்வியிலதான் நான் இருக்கிறன்."

அடுத்த மாலுபாணை எடுத்தார். அதற்குமேல் அந்தக் கதை இல்லை.

இனி அவர் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். எந்த ஊரையும் கற்பனையாகக் கீற அவருக்கு வராது. கண்ணால் பார்க்காத ஒரு வீட்டுக்குள் ஆட்களை வைக்க மாட்டேன் என்பார். வடக்குக்குப் போகவும் வழியில்லை. ஆகவே பல்கனியில் நின்று தன் கண்ணுக்குத் தெரிந்த ஒழுங்கையை அப்படியே கீறினார். கடல், றெயில் பாதை, மாடிவீடுகள், வகுப்பு நடக்கும் மண்டபம், பாண் கடை. ஒழுங்கை முகப்பில் மண்மூட்டை அடுக்கிய காவலரண்.

அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில், கணினியில், கொழும்பு ஒழுங்கையின் வரைபடம். அதன்மேல் பீரங்கிக் குறி. மகள் வாயால் கேள்விப்பட்ட அன்றே நான் சொன்னேன்.

"மிஸ், எதைக் கீறினாலும் அந்த சென்றியை மட்டும் கீறாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

"அங்க ஒராள் இருக்கிறார் அக்கா," என்றார் மிஸ். உண்மையிலேயே புரியாத முகம். "எப்பிடி விடுறது?"

ஒரு சனிக்கிழமை காலை ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாகச் சோதனை. மகளின் வகுப்பைப் பாதியில் நிறுத்தியதால் அவளும் ஓடி மேலே வந்திருந்தாள். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் நான் சொன்ன முதல் சொல், "நிப்பாட்டுங்க." மிஸ் கணினியை நிறுத்தப் போனார், ஆனால் செய்த வேலையைச் சேமிக்காமல் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

இளம் பொலிஸ் அதிகாரி ஒருவர். கதவடியில் துவக்கோடு ஓர் இராணுவச் சிப்பாய். அதிகாரி அடையாள அட்டைகளைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அவருடைய விரல் கண்ணாடியில் மெல்ல ஊர்ந்தது. இது கடல். இது றெயில் பாதை. இது நாங்கள் ஏறி வந்த வழி. விரல் காவலரணில் நின்றது.

"இது எங்கள் பொயின்ற்," என்றார் சிங்களத்தில். "யார் கீறினது?"

மிஸ்ஸின் சிங்களம் பாண் வாங்கப் போதும், இதற்குப் போதாது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய்க்குள் ஒரு வசனம் தயாராக இருந்தது: 'எனக்கு இவரைத் தெரியாது, பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிவந்தேன்.' மகளின் மூச்சு என் முதுகில் பட்டது. அந்த வசனத்தைச் சொல்லியிருப்பேன்.

"அக்கா, அவரை இருக்கச் சொல்லுங்கோ," என்றார் மிஸ். கதிரையை இழுத்துப் போட்டார்.

"என்ன?"

"இருந்து விளையாடிப் பார்க்கச் சொல்லுங்கோ. கதைச்சால் விளங்காது."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். காலையிலிருந்து எத்தனை மாடி ஏறினாரோ, அதிகாரி அந்தக் கதிரையில் உண்மையாகவே உட்கார்ந்துவிட்டார். மிஸ் சிங்களப் பதிப்புக்கு மாற்றி, மவுசை அவர் கைக்குள் தள்ளினார்.

வெடி விழுந்தது. கடலிலிருந்து மூன்றாவது கட்டடத்தின் கூரை. அதிகாரி நாலு செக்கன்கூடப் பொறுக்கவில்லை. சுடு. திரை சாம்பலாயிற்று. அது அடங்கியபோது இரண்டு சோடி செருப்பு, ஒரு தேநீர்க் கோப்பை, விரித்தபடி ஒரு கொப்பி. கீழே நான் அடித்த சிங்கள வரி: 'நீங்கள் பார்க்கவில்லை.'

அதிகாரி திரும்பினார். "உள்ளே யார் இருந்தது?"

மிஸ்ஸின் முகத்தில் நூறு வாட் பல்ப் எரிந்தது. "கேட்டிட்டார்! அக்கா, பார்த்தியளோ, அவரே கேட்டிட்டார்! திருப்பி விளையாடச் சொல்லுங்கோ, இந்தமுறை பார்க்கச் சொல்லுங்கோ!"

அவர் 'பார்' என்பதை அழுத்தினார். கூரை தூக்கியது. நானும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். மேசையில் ஒரு பெண் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். இருந்த இடத்திலும் தோளில் பை. பக்கத்தில் இரட்டைப்பின்னல் போட்ட ஒரு பிள்ளை கணக்குக் கொப்பியோடு.

அதிகாரி திரையைப் பார்த்தார். பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். பிறகு என் மகளை.

கதவடியில் நின்ற சிப்பாய்தான் முதலில் சிரித்தான். "சேர், இது இந்த நோனாதானே!" என்று என்னைக் காட்டினான்.

"எனக்குத் தெரியும்மா," என்று மகள் என் காதுக்குள் சொன்னாள். "ரெட்டைப்பின்னல் போடச் சொன்னதே நான்தான்."

சிப்பாய் இரண்டடி உள்ளே வந்தான். முப்பது வயதுகூட இராது. "ஆனால் சேர், இருபது செக்கன் யார் தருகிறார்கள்? அங்கே அப்படி இல்லை."

மொழிபெயர்த்ததுதான் தாமதம், மிஸ் கொப்பியைத் திறந்துவிட்டார். அதிகாரியை மறந்தார், சோதனையை மறந்தார். வடக்கில் நின்றுவிட்டு வந்த ஒருவன் தன் வீட்டுக்குள் நிற்கிறான் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

"எத்தினை செக்கன் எண்டு கேளுங்கோ அக்கா. சரியாச் சொல்லச் சொல்லுங்கோ."

"சில நேரம் மூன்று. சில நேரம் ஒன்றுமே இல்லை."

"அப்ப என்ன செய்வினம்?"

"சுடுவோம்."

"பிறகு போய்ப் பார்ப்பினமோ?"

"நான் இதைக் கேக்க மாட்டேன் மிஸ்," என்றேன்.

"கேளுங்கோ அக்கா. அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது."

கேட்டேன். எனக்கே கேட்காத குரலில். சிப்பாய் துவக்கை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். "சில பேர் பார்ப்பதில்லை, அக்கே. பார்த்தால் பிறகு சோறு இறங்காது."

மிஸ் எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. அந்த நேரத்தில் அதிகாரி காவலரணை அழுத்தி அதன் கூரையைத் தூக்கியிருந்தார். உள்ளே காலில் கட்டுப்போட்ட ஒரு சிப்பாய், துவக்கு நிலத்தில். அதன் கீழிருந்த வரியை அவர் பள்ளிப் பிள்ளைபோல வாய்விட்டுப் படித்தார். "காயப்பட்டவர் எந்தப் பக்கத்தவராயினும்…" முழுவதையும் படித்தார். கீழே றெயில் ஒன்று போனது.

பிறகு எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். மறுபடியும் அதிகாரியாகிவிட்டார். வரைபடம் வரைபடம்தான், மேலிடத்துக்குக் காட்ட வேண்டும் என்றார். கணினியின் பெட்டியைக் கழற்றி எடுத்தார்கள். நாளை ஒன்பது மணிக்கு மிஸ் நிலையத்துக்கு வர வேண்டும்.

"நீங்களும் வாருங்கள்," என்று என்னிடம் சொன்னார். "இவருக்குச் சிங்களம் வராது."

ஓம் என்றேன். போகவில்லை.

காய்ச்சல் என்றேன். கந்தோரில் லீவு இல்லை என்றேன். மகளுக்குப் பரீட்சை என்றேன். கணவர், "போகாதே, உன்ர பெயரும் புத்தகத்தில ஏறும்," என்றார். அது எனக்கு வசதியாக இருந்தது. மிஸ் தனியாகப் போனார். நாள் முழுவதும் வாங்கில் இருத்திவிட்டு மாலையில் 'ஹெட்ட எண்ட', நாளைக்கு வா, என்று அனுப்புவார்கள். அடுத்த நாளும் போவார். மத்தியானத்தில் என் கந்தோருக்குக் கோல் எடுப்பார். "இண்டைக்கும் நாளைக்காம் அக்கா. பிள்ளை எப்பிடி?" ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கேட்கிற அந்த மனிதர் அதை மட்டும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் தொலைபேசியை வைக்கும்போது, நாளைக்கு இந்தக் கோல் வராவிட்டால், என்று நினைப்பேன்.

எட்டாம் நாள் மகள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தாள்.

"எட்டு நாளா நீங்க 'பொறு'வையே அமத்திக்கிட்டு இருக்கிறீங்க அம்மா."

ஒன்பதாம் நாள் போனேன். வாங்கின் நுனியில் மிஸ் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான். நான் மேசையடிக்குப் போய் வாயைத் திறக்க முன்பே, அங்கே எழுதிக்கொண்டிருந்த கொஸ்தாப்பல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், கண்கள் விரிந்தன.

"ஆ! டைப் நோனா!"

உள்ளே குரல் கொடுத்தார். மூன்று நாலு பேர் வந்துவிட்டார்கள். என் வாழ்நாளில் காணாத மனிதர்கள், பழகிய ஆளைக் கண்டதுபோலச் சிரிக்கிறார்கள். "மகள் எங்கே? இன்றைக்கும் இரட்டைப்பின்னலா?" என்கிறார் ஒருவர். "கணக்கு முடித்துவிட்டாளா?" என்கிறார் இன்னொருவர். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நரைத்த மீசை வைத்த ஒருவர் அதைக் கண்டிருக்க வேண்டும். கதிரையைத் தள்ளிவிட்டார்.

"பயப்பட வேண்டாம் நோனா. இப்போது நாங்கள் உங்களைக் கொல்வதில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் அவர் சொன்னது என்னவென்று உறைத்தது.

அது முழுவதுமாக என்னை விட்டுப் போகவில்லை. அடுத்த வருடம் மிஸ் ஒழுங்கையை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று சரியாகத் தெரியாது. சீடி சில பாடசாலைகளுக்குப் போனதாகக் கேள்வி. யுத்தம் எப்படி முடிந்தது என்பதை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். மேலிருந்து எடுத்த படங்கள், கூரைகள், தறப்பாள் கூடாரங்கள். அதே கோணம். இன்றைக்கும் எந்த நாட்டுச் சண்டையை அப்படிக் காட்டினாலும் என் வலது கைச் சுட்டுவிரல் தானாக அசைகிறது, இல்லாத ஒரு பட்டனைத் தேடி.

ஆனால் அந்த ஒன்பதாம் நாளை நான் பயத்தோடு நினைப்பதில்லை. கையெழுத்து வைத்துக் கணினிப் பெட்டியை வாங்கி, முச்சக்கரவண்டியில் ஏற்றி, மூன்று மாடி தூக்கி, வயரெல்லாம் கொழுவி முடிக்க முன்பே மிஸ் தரையில் சப்பணமிட்டு அந்தக் கோப்பைத் திறந்துவிட்டார். பிறகு கத்தினார்.

"விளையாடியிருக்கினம்! அக்கா, ஒன்பது நாளும் விளையாடியிருக்கினம்!"

வரி வரியாக இருந்தது. முதல் நாள், மூன்றாவது கட்டடம்: சுடு, சுடு, சுடு. பதினேழு தடவை நானும் மகளும் செத்திருந்தோம். இரண்டாம் நாள் பதினொன்று. நாலாம் நாளில் முதலாவது 'பார்'. அதற்குப் பிறகு அது தொற்று நோய்போலப் பரவியிருந்தது. பார், பார், பொறு, பார். ஒருவர் ஒரு வெடிகூட வைக்காமல், திரும்பத் திரும்ப விளையாடி, இருபத்திரண்டு கூரையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்திருந்தார். ஏழாம், எட்டாம் நாட்களில் எங்களை யாரும் சுடவேயில்லை. மிஸ் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். நாற்பது வயதில் இரண்டு பெண்கள் தரையில் இருந்து சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம். கீழ்வீட்டில் கூட்டுகிற தும்புத்தடியால் கூரையில் இடித்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ." மிஸ் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

கடைசி வரி. அன்று காலை, நாங்கள் பெட்டியை எடுக்கச் சற்று முன்னால். மூன்றாவது கட்டடம். இரண்டாவது செக்கன். சுடு.

நரைத்த மீசையின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. மகள் எங்கே என்று கேட்டவரின் முகம் வந்தது. இவர்களில் யார்?

மிஸ் சோர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவர் கொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். "ஏன் சுட்டவர்? நேரம் காணாதோ? பட்டன் கிட்டக்கிட்ட இருக்கோ? புது ஆளோ?" எழும்பிவிட்டார். கதவு மூலையில் சாத்தியிருந்த குடையைக் கையில் எடுத்தார்.

"எங்க மிஸ்?"

"கேட்டிட்டு வாறன்."

"பொலிசுக்கா? இப்பதானே விட்டாங்க!"

"பின்ன வேற ஆரிட்டக் கேக்கிறது?" என்றார், கேள்வி புரியாதவர்போல. செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கினார். பாண் வாங்கப் போதுமான சிங்களத்தோடு.

நான் மகளுக்குக் கோல் எடுத்தேன். வகுப்பு முடிந்தால் ஒழுங்கையில் நிற்காமல் மேலே வந்து இருக்கச் சொன்னேன், எனக்கு வரச் சுணங்கும் என்றேன்.

"எங்க போறீங்க அம்மா?"

"மிஸ்ஸோட. ஒரு ஆளைப் பாக்கோணும்," என்று சொல்லி, தோள்பையைச் சரிசெய்துகொண்டு, கீழே இறங்கும் அந்தச் செருப்புச் சத்தத்தைப் பிடிக்க ஓடினேன்.